ஜெர்மனிக்கு ஓபேர் விசா: வயது 26, உறவினர் வீடு, சுற்றுலா விசா யோசனை... இது நடக்குமா?

மீனலோசனி கேட்டது:

வணக்கம். ஜெர்மனிக்கு ஓபேராகப் போக முயற்சி செய்கிறேன். ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அப்படியே ஜெர்மன் மொழியையும் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஆசை. பிள்ளைகளோடு பழகுவது எனக்குப் புதிதல்ல, ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கோதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் போன மாதம் தேறிவிட்டேன். வயது 26. அடுத்த பிறந்தநாளுக்கு ஏழு மாதம் இருக்கிறது.

அம்மாவின் சித்தி மகள் ரொம்ப வருடங்களாக ஜெர்மனியில் இருக்கிறார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். "வேறு யார் வீட்டுக்கோ போவானேன், என் வீட்டுக்கே வந்துவிடு" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அதில்தான் நிம்மதி.

இதற்கிடையில் ஒரு தரகர், பெரிய தொகை ஒன்றை முன்பணமாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். முதலில் சுற்றுலா விசாவில் போய்விட வேண்டுமாம், அங்கே போனதும் ஓபேர் அனுமதியாக மாற்றிவிடலாமாம். பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "வார இறுதியில் ஏதாவது உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்துவிடலாம்" என்றார்.

இதில் எது சரி, எது தவறு என்று எனக்குப் புரியவில்லை. போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். ஜெர்மனி சரிவராது என்றால் வேறு எந்த நாட்டுக்கு முயற்சி செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

தங்கை, முதலில் அந்தத் தரகரிடம் பணம் எதுவும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் ஜெர்மனியில் ஒரு வருடம் ஓபேராக இருந்தேன். இப்போது அதே நாட்டில் செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று சிக்கல்கள் தெரிகின்றன. மூன்றுமே விண்ணப்பத்தைக் கவிழ்க்கக்கூடியவை.

சுற்றுலா விசா என்பது ஷெங்கன் குறுகியகால விசா, அதாவது ஜெர்மனி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா. 180 நாட்களில் 90 நாள் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. ஓபேராகப் போவதற்குத் தேசிய விசா வேண்டும், டி விசா என்பார்கள். நீங்கள் வசிக்கும் நாட்டில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். உள்ளே போய் மாற்றிக்கொள்வது என்பது விதிப்படி கிடையாது. விசா இல்லாமல் வந்து இறங்கி, அங்கேயே அனுமதி கேட்கும் சலுகை ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஜப்பான், கனடா, தென்கொரியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு உண்டு. தரகர் எங்கேயோ அதைக் கேள்விப்பட்டு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்கிறார் போல. சுற்றுலா விசாவில் போய்ப் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் திருப்பி அனுப்புவது மட்டுமல்ல, மறுபடி ஷெங்கன் நாடுகளுக்குள் நுழையவே தடை வரலாம்.

இரண்டாவது, சித்தி முறையாகும் உங்கள் உறவினர் வீடு. ஓபேர், குடும்பத்துக்கு உறவினராக இருக்கக் கூடாது என்பது நேரடியான விதி. ஒருவேளை உறவே இல்லாத தமிழ்க் குடும்பம் என்றாலும் தடை உண்டு. வீட்டில் பேசும் மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும். ஜெர்மன் அந்தக் குடும்பத்தின் தாய்மொழி இல்லை, ஆனாலும் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள் என்றால், ஓபேர் அவர்களுடைய பூர்வீக நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. இது கொடுமையான விதி என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. போய் வாழ்ந்த பிறகு நல்ல விதி என்றே சொல்வேன். நான் இருந்த வீட்டில் கடைக்குட்டிக்கு நான்கு வயது. "அப்படி இல்லை, இப்படிச் சொல்" என்று அவன் திருத்தித் திருத்தித்தான் எனக்கு ஜெர்மன் இலக்கணம் பிடிபட்டது. தமிழ் பேசும் வீட்டில் இருந்திருந்தால் ஒரு வருடம் கழித்தும் ஏ1-இலேயே நின்றிருப்பேன். அது மட்டுமல்ல, உறவினர் வீட்டில் "இன்றைக்கு ஆறு மணி நேரம் முடிந்துவிட்டது" என்று வாய்திறந்து சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. உங்கள் வீட்டாருக்கு நிம்மதி தரும் அதே உறவுதான் உங்கள் ஓய்வு நேரத்தைத் தின்னும்.

மூன்றாவது வயது. இதுதான் அவசரம். விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்கும் நாளில் உங்களுக்கு 27 வயது பிறந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் போய் இறங்கும் நாள் கணக்கில்லை, விண்ணப்பிக்கும் நாள்தான் கணக்கு. அதனால் ஏழு மாதம் போதும். ஆனால் அதற்குள் குடும்பம் தேட வேண்டும், வீடியோவில் சில முறையாவது பேச வேண்டும், ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், தூதரகத்தில் நேரமும் கிடைக்க வேண்டும். சில ஊர்களில் அந்த நேரம் கிடைக்கவே பல வாரம் ஆகிறது. பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் குடும்பம் முடிவாகிவிட்டால் மூச்சுவிட இடம் இருக்கும்.

இனி, ஓபேர் என்பதைச் சம்பள வேலையாக நினைக்காதீர்கள். ஜெர்மன் சட்டமும் அப்படி நினைப்பதில்லை. பண்பாட்டுப் பரிமாற்றம், மொழி கற்றல் என்ற நோக்கத்துக்காகக் கொடுக்கும் அனுமதி அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று தானே விளங்கும். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 12 மாதம். நீட்டிக்க முடியாது. இன்னொரு தடவை ஓபேராக வரவும் முடியாது. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், கூடவே மொழி வகுப்புக்காகக் குடும்பம் தரும் 70 யூரோ. வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஒரு நாளைக்கு 6 மணி நேரம். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அதில் வர வேண்டும். வாரத்தில் நான்கு மாலைகள் உங்களுடையவை. முழு வருடம் இருந்தால் நான்கு வாரம் விடுமுறை, அந்த நான்கு வாரமும் கைச்செலவுப் பணம் நிற்காது.

பெற்றோர் இரவில் வெளியே போகும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதுவும் வேலை நேரம்தான். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் இருந்த வீட்டில் அந்த அம்மா குளிர்பெட்டிக் கதவில் வாராந்தர அட்டவணை ஒட்டுவார். காலையில் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் ஒரு நிறத்தில், மாலை ஒரு நிறத்தில். ஞாயிறு இரவே அடுத்த வாரத்தைப் பேசி முடித்துவிடுவோம். வேலை நேரத்தைப் பற்றி ஒரு தடவைகூடச் சண்டை வரவில்லை என்றால் அதற்கு அந்தத் தாள்தான் காரணம்.

உங்களுக்கென்று தனி அறை வேண்டும். குறைந்தது 8 சதுர மீட்டர், ஜன்னலும் குளிருக்குச் சூடாக்கும் வசதியும் இருக்க வேண்டும். கூடத்தில் சோபா, பிள்ளைகளோடு ஒரே அறை என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். நோய், விபத்து, மகப்பேறு இவற்றுக்கான காப்பீட்டுச் செலவு குடும்பத்தின் பொறுப்பு.

உணவக வேலை கூடாது. அனுமதி அந்தக் குடும்பத்தோடு ஓபேராக இருப்பதற்கு மட்டும். வெளியே ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் அனுமதியை மீறியதாகும்.

தூதரக நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஏ1 சான்றிதழ் கையில் இருப்பது போதாது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி ஜெர்மனிலேயே பேச்சைத் தொடங்குவார். என்னிடம் பிள்ளைகளின் பெயர், வயது, எத்தனை மணிக்குப் பள்ளி முடியும், அந்த அம்மா என்ன வேலை பார்க்கிறார், அந்தக் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அப்புறம் மொழி மாறி, ஒரு வருடம் முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் என்றார். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அங்கே உதவாது. குடும்பத்தோடு நிஜமாகவே பேசிப் பழகியிருந்தால் பதில் தானாக வரும். நீங்கள் மழலையர் பள்ளியில் இருப்பது பெரிய பலம், அந்த வேலைச் சான்றிதழை மறக்காமல் வையுங்கள்.

இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், குடும்பம் நிரப்பித் தரும் கேள்வித்தாள், ஏன் போக விரும்புகிறீர்கள் என்ற கடிதம், தன்விவரம், மொழிச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்று, இவ்வளவும் கேட்பார்கள். பட்டியல் தூதரகத்துக்குத் தூதரகம் கொஞ்சம் மாறும், அவரவர் இணையதளத்தில் இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். கட்டணம் 75 யூரோ. உங்கள் கோப்பு பிறகு குடும்பம் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும். மத்திய வேலைவாய்ப்பு முகமையும் சம்மதிக்க வேண்டும். அதனால் கொடுத்த மறுவாரமே விசா வராது. விமானச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள்.

தரகர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். ஜெர்மனியில் ஓபேர் முகவர் ஒருவர் ஓபேரிடம் வாங்கக்கூடிய தொகைக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது, 150 யூரோ. அதுவும் இடம் அமைந்த பிறகு. முன்பணம் என்ற பேச்சே இல்லை. முகவர் வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் ஜெர்மனிக்குக் கிடையாது, குடும்பத்தை நீங்களே தேடிக்கொள்ளலாம். முகவர் வேண்டும் என்றால் ரால் (RAL) என்ற ஜெர்மன் தர முத்திரை உள்ளவரைப் பாருங்கள்.

முகிலன் எழுதியது:

நெய்தல் சொன்ன விசா இல்லாத நுழைவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இழையை மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 90 நாள் விசா தேவையில்லை. அதனால் "போய் இறங்கிவிட்டு அங்கேயே ஓபேர் அனுமதி வாங்கலாம்" என்று என் தங்கைக்கும் ஒருவர் சொன்னார். நல்லவேளை, அவள் புறப்படும் முன் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டாள். விசா இல்லாமல் சுற்றிப் பார்க்கலாம், ஓபேராக இருக்க டி விசா எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று தெளிவாகப் பதில் வந்தது. மேலே உள்ள எட்டு நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் சிங்கப்பூரும் இல்லை. விமான நிலையத்தில் முத்திரை குத்தி உள்ளே விட்டுவிட்டார்கள் என்பதால் வேலை செய்யலாம் என்று ஆகிவிடாது.

வெண்ணிலா எழுதியது:

நான் அமெரிக்காவில் ஓபேராக இருந்தவள். நீங்கள் வேறு நாடு கேட்டதால் சொல்கிறேன்.

அங்கே ஜே-1 விசா. வயது 18 முதல் 26 வரை, பள்ளிப்படிப்பு முடித்திருக்க வேண்டும், ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். ஜெர்மனியோடு பெரிய வித்தியாசம், குடும்பத்தை நீங்களே தேடிப் போக முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த முகவர் நிறுவனம் வழியாகத்தான் எல்லாம். அவர்கள் கொடுக்கும் டிஎஸ்-2019 என்ற படிவம் இல்லாமல் விசா நேர்காணலுக்கே போக முடியாது. நிறுவனத்தின் பெயர் வெளியுறவுத் துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

வேலை நேரம் அதிகம். வாரம் 45 மணி நேரம், ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை. பணம் வாரத்துக்குக் குறைந்தது 195.75 டாலர். இந்த விநோதமான எண் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 45 மணி நேரத்துக்கு 326.25 வரும். தங்குமிடம், சாப்பாட்டுக்கு என்று அதில் 40 விழுக்காட்டைக் கழித்துவிடுகிறார்கள். மீதிதான் 195.75. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் "சாப்பாட்டுக்கு இன்னும் பிடித்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் மறுக்கலாம், ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. சில மாநிலங்களில் இதைவிடக் கூட வரும். மாசசூசெட்ஸில் மாநிலக் குறைந்தபட்சக் கூலி ஓபேர்களுக்கும் உண்டு என்று 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

படிப்புக்குக் குடும்பம் 500 டாலர் வரை தர வேண்டும், நீங்களும் ஆறு பாட அலகுகள் படித்தாக வேண்டும். இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை, மாதத்தில் ஒரு முழு வார இறுதி ஓய்வு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீடு என்றால் கைக்குழந்தை பார்த்த அனுபவம் குறைந்தது 200 மணி நேரம் இருப்பதற்குச் சான்று கேட்பார்கள். ஒரு வருடம் முடிந்ததும் 6, 9 அல்லது 12 மாதம் நீட்டிக்கலாம். ஜெர்மனியில் இல்லாத வசதி அது.

நான் பார்த்தது இரட்டைக் குழந்தைகள். இரவில் களைத்துப்போய் விழுவேன், மறுநாள் அவர்கள் இருவரும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது எல்லாம் மறந்துவிடும். ஆனாலும் 45 மணி நேரம் என்பது 30 மணி நேரத்தைவிட உடம்பில் ரொம்பவே தெரியும், அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். கார் ஓட்டத் தெரியாவிட்டால் குடும்பம் அமைவது கடினம். இப்போதே ஓட்டுநர் உரிமம் எடுத்து வையுங்கள்.

மீனலோசனி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நெய்தல் அக்கா, வெண்ணிலா அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அந்தத் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சித்தியிடமும் அம்மா பேசிவிட்டார். முதலில் வருத்தப்பட்டார், பிறகு "நான் ஜெர்மன் பேசிப் பழக உதவுகிறேன்" என்று தினமும் மாலையில் கூப்பிடுகிறார்.

அமெரிக்காவுக்கு 26 வயதிலேயே கடைசி நேரம்போல் தெரிகிறது. நெதர்லாந்தில் ஒரு குடும்பம் பதில் போட்டிருந்தது, அது எப்படி? ஜெர்மனியிலும் ஒரு குடும்பத்தோடு பேச்சு நடக்கிறது. இரண்டு பிள்ளைகள். ஆனால் அதே வீட்டில் வயதான பாட்டி ஒருவர் இருக்கிறார், அவரைக் குளிப்பாட்டி உடை மாற்ற தினமும் கொஞ்சம் உதவ வேண்டும் என்கிறார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? போன இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வது? வருடம் முடிந்த பிறகு அங்கேயே தங்க வழி உண்டா?

கரிசல்காட்டான் எழுதியது:

நெதர்லாந்து உங்களுக்கு இல்லை தங்கச்சி. அங்கே 26 வயது ஆகியிருக்கக் கூடாது, 25 வரைதான். போகக்கூடிய வயதில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: குடிவரவுத் துறையான ஐஎன்டி அங்கீகரித்த முகவர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும், தனியாகப் போட முடியாது. அந்த முகவர் ஓபேரிடம் 34 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

பிரான்ஸில் 18 முதல் 30 வரை. வாரம் 25 மணி நேரம்தான், கைச்செலவுக்கு மாதம் குறைந்தது 320 யூரோ. ஒரு வருடம் கழித்து இன்னொரு வருடம் புதுப்பிக்கலாம். வயதுக் கவலை இருப்பவர்கள் பிரெஞ்சு படிக்கத் தயார் என்றால் இதுதான் நல்ல மாற்று. டென்மார்க்கில் 29 வரை, கல்யாணமோ பிள்ளையோ இருக்கக் கூடாது. நார்வே பழைய வலைப்பக்கங்களில் இன்னும் பட்டியலில் இருக்கும், நம்பாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2024 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனில் ஓபேர் விசா 2008-லேயே போய்விட்டது. அங்கே ஓபேர் விசா வாங்கித் தருகிறேன் என்று இன்றைக்கு யார் சொன்னாலும் அது பொய்.

நெய்தல் எழுதியது:

மீனா, சித்தி செய்வதுதான் உண்மையான உதவி. தினமும் அரைமணி நேரம் பேசினாலே நேர்காணலில் நாக்கு புரளும்.

பாட்டி விஷயத்தில் மென்மையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். முதியோர், நோயாளிகளைப் பராமரிப்பது ஓபேர் வேலையில் சேராது. பிள்ளைகளை எழுப்புவது, சிற்றுண்டி செய்து தருவது, பள்ளிக்குக் கூட்டிப்போவது, விளையாடுவது, அவர்கள் துணிகளைத் துவைப்பது, வீட்டு வேலைகளில் குடும்பத்தில் ஒருவர் போலச் சின்னப் பங்கு எடுப்பது, இவ்வளவுதான். பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதை யாரும் தப்பு என்று சொல்லப்போவதில்லை. தினமும் குளிப்பாட்டுவது பயிற்சி பெற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. நான் இப்போது படிப்பதே அதைத்தான், வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விழுந்தால் பாட்டிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து, காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். அவர்கள் நல்லவர்கள் என்றால், விதி இப்படி என்று சொன்னதும் பாட்டிக்கு வேறு ஏற்பாடு செய்வார்கள். முகம் மாறினால் அதுவே உங்களுக்குப் பதில்.

போன இடத்தில் சரிவராவிட்டால் குடும்பம் மாறலாம். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு வாரம். கையெழுத்திடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் குடும்பம் கிடைத்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லி அனுமதி பெற வேண்டும், சொல்லாமல் வீடு மாறக் கூடாது. ஒன்று நினைவில் இருக்கட்டும், வீடு மாறினாலும் மொத்தம் 12 மாதம்தான், கணக்கு முதலிலிருந்து தொடங்காது. அதனால் சரிவரவில்லை என்று தெரிந்த பிறகு மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். இன் வியா (IN VIA), விஐஜே (vij) என்று இரண்டு தேவாலயம் சார்ந்த அமைப்புகள் பல ஊர்களில் ஓபேர்களுக்கு ஆலோசனை சொல்கின்றன. எந்த மதத்தவரும் போகலாம். வன்முறை, அத்துமீறல் என்று ஏதாவது நடந்தால் 116 016 என்ற பெண்கள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு, இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. உடனடி ஆபத்து என்றால் 110, அது காவல்துறை.

கடவுச்சீட்டு எப்போதும் உங்களிடமே இருக்க வேண்டும். "பத்திரமாக வைக்கிறோம்" என்று அன்போடு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

போய் இறங்கியதும் இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகு விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதி. அங்கேயும் நேரம் கிடைக்கத் தாமதமாகும், வந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

தங்கும் வழி உண்டா என்று கேட்டீர்கள். ஓபேர் அனுமதியை நீட்டிக்க முடியாது, ஆனால் வேறு நோக்கத்துக்கான அனுமதிக்கு மாற வழி இருக்கிறது. பலர் எஃப்எஸ்ஜே என்ற ஒரு வருடத் தன்னார்வ சேவைக்குப் போகிறார்கள். அல்லது ஆவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி, பெரும்பாலும் மூன்று வருடம், பயிற்சிக் காலத்திலேயே மாதச் சம்பளம் வரும். இரண்டுக்குமே மொழிதான் சாவி. நான் வந்த மாதமே மாலை நேர மொழி வகுப்பில் சேர்ந்தேன், குடும்பம் தந்த 70 யூரோ அதற்குத்தான் போனது. வருடம் முடிவதற்குள் நடுநிலையான பி1 வந்துவிட்டது, செவிலியர் பயிற்சிக்கு அதற்கும் மேல்நிலையான பி2 கேட்டார்கள், அதற்கு இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. வருடத்தின் நடுவிலேயே பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். புது அனுமதிக்கான விண்ணப்பம், பழையது காலாவதியாகும் முன் உள்ளே போயிருக்க வேண்டும். அப்படிப் போயிருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி செல்லும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

தூதரகத்தில் "அப்புறம் என்ன செய்வாய்" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மழலையர் பள்ளியில் இருப்பவர், ஜெர்மன் கற்று, பிள்ளைகளோடு பழகும் முறைகளைப் பார்த்து, தன் தொழிலில் மேலே போக நினைக்கிறார் என்பது நேர்மையான, நம்பும்படியான பதில். இல்லாத கதை எதுவும் கட்ட வேண்டாம்.

அந்தக் குடும்பம் ஒப்பந்த வரைவு அனுப்பியதும் பெயர், முகவரியை மறைத்துவிட்டு வேலை நேரம், ஓய்வு நாள், முன்னறிவிப்பு இந்த மூன்று பகுதிகளை மட்டும் இங்கே போடுங்கள். இரவுப் பணி இல்லாத நாளில் பார்த்துச் சொல்கிறேன்.